கமிட்டி வரும் மாதத்தில் காணாமல் போன களைகள்

"பர்லி, பர்லி, இன்னும் பர்லி... சாக்கு, சாக்கு!"

'வரட்டும், வரட்டும், போதும்' என்று லாரியின் முதுகைத் தட்டித் தட்டி ஒருவர் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் பெங்களூரு கல்லூரியின் பின்வாசல் வழியாக ரிவர்ஸில் ஊர்ந்து வந்த லாரி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே பாய் சுருட்டி அடுக்கிய மாதிரி சுருள் சுருளாகப் புல். அத்திபெலே தாண்டி ஏதோ நர்சரியிலிருந்து வந்திருக்கிறது. ஈர மண் வாசனை கேட் வரைக்கும் அடித்தது.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. முன்பக்கத் தோட்டத்துக்கு இப்போதாவது விடிவுகாலம் வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரியைச் சுற்றிப் பின்னால் போனேன்.

கெமிஸ்ட்ரி கட்டடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இடுப்பளவுக்குச் செடியும் புல்லும் மண்டிக் கிடக்கும் ஓர் இடம் உண்டு. அன்று அது மொட்டை போட்ட தலை மாதிரி செக்கச்செவேல் என்று கிடந்தது. பெயருக்குக்கூட ஒரு புல் இல்லை. ஜே.சி.பி. ஓட்டுநர் வேலையை முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தோட்ட வேலை பார்க்கும் ராமப்பா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். கையில் நான்கு மரக்குச்சிகள். சணல் கயிற்றால் ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தார்.

"ஆன்ட்டி, இது நிம்துதானே? எத்தி வெச்சேன்." உங்களுடையதுதானே, எடுத்து வைத்தேன் என்கிறார்.

அந்த நான்கு குச்சிகளும் என் ப்ராஜெக்ட் நிலத்தின் நான்கு மூலைகள். நடுவில் இருந்த அத்தனையையும் வழித்து எறிந்துவிட்டு, மூலைகளை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுக்கிறார் மனிதர்.

"எந்தப் புண்ணியவான்யா இந்த வேலையப் பண்ணது?" என்று நான் போட்ட சத்தத்தில் கெமிஸ்ட்ரி லேபின் ஜன்னல்கள் வரிசையாகத் திறந்தன.

ராமப்பா பயந்துவிட்டார். "கமிட்டி பர்த்தாரல்லா ஆன்ட்டி..." என்றார்.

கமிட்டி வருகிறது. கல்லூரிக்கு மார்க் போட. அதற்காக என் களைகளைக் காலி செய்துவிட்டார்கள்.

நாற்பதில் ஒரு ஐடி கார்டு

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்கள் 'இந்தம்மாவுக்கு ஏன் களைமேல் இவ்வளவு கரிசனம்' என்று கேட்பீர்கள். நியாயம்தான். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் ரெஜினா. ஆஸ்டின் டவுனில் பிறந்து, அங்கேயே நாலு தெரு தள்ளிக் கல்யாணமாகிப் போனவள். பி.யு.சி.யோடு படிப்பு நின்றது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பெயர் 'அசிஸ்டென்ட்'. வேலை முழு டீச்சர் வேலை.

ஒருநாள் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கூப்பிட்டு உட்காரவைத்தார். நிற்கவைத்துப் பேசினால் திட்டு. உட்காரவைத்தால் கெட்ட செய்தி. "ரெஜினா, மேனேஜ்மென்ட் புது ரூல் போட்டுட்டாங்க. இனிமே டிகிரி இல்லாதவங்க பாடம் எடுக்கக் கூடாது. உனக்கு மூணு வருஷம் டைம் வாங்கியிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றார்.

அப்படித்தான் நாற்பதைத் தொடும் வயதில் காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடம் என்று ஓட ஆரம்பித்தேன். சூழலியல் வேண்டும் என்று விரும்பி எடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கடைசியாக மிஞ்சியிருந்த சீட் அதில்தான் இருந்தது.

லாரி வந்த அந்தக் காலை, மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. ப்ராஜெக்ட் மார்க் வரவில்லை என்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷம் போனால் பள்ளிக்கூட வேலையும் போச்சு. இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோபம் வருமா வராதா?

எனக்குத் தெரிந்த செடிகள்

வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் என் மகன் வயசு. முதல் நாளே 'ஆன்ட்டி' என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். ப்ராஜெக்ட்டுக்கு எனக்குக் கிடைத்த கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருத்தி சிவாஜிநகர் ஆயிஷா. தமிழ் பேசுவாள், பாதியில் உருது எட்டிப் பார்க்கும். இன்னொருவன் பிரஜ்வல். வீட்டில் கன்னடம், எங்களிடம் கலப்படம்.

அந்த நிலத்திலுள்ள களைகளை எல்லாம் பெயரோடு எண்ண வேண்டும் என்றதும் இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆன்ட்டிக்கு எல்லாப் பேரும் தெரியும், பேஜார் இல்ல" என்றான் பிரஜ்வல்.

எனக்கா? சிரிப்பு வந்துவிட்டது. வயலை நான் பார்த்ததே வேளாங்கண்ணி போகும்போது பஸ் ஜன்னல் வழியாகத்தான். எனக்குத் தெரிந்த செடிகள் மொத்தமே கொத்தமல்லி, கறிவேப்பிலை, பக்கத்து வீட்டு மணிபிளான்ட். கீரையைக்கூடக் கட்டாகக் கட்டித் தள்ளுவண்டியில் வைத்தால்தான் அடையாளம் தெரியும். தரையில் முளைத்து நின்றால் அது எனக்கு வெறும் பச்சை.

அந்தப் பச்சையைத்தான் வாரா வாரம் குனிந்து குனிந்து படித்தேன். முதலில் பார்த்தீனியம். அதை எண்ணக் கையுறையும் முகக்கவசமும் போட வேண்டும், இல்லையென்றால் கையெல்லாம் தடித்துவிடும். அப்புறம் குப்பைமேனி. அப்புறம் கீழாநெல்லி, இலைக்கு அடியில் மணி மணியாகத் தொங்கும் காயைப் பார்த்த அன்று, ஏதோ புதையல் கிடைத்தவள் மாதிரி ஆயிஷாவைக் கட்டிப்பிடித்தேன். அவள் "ஆன்ட்டி, சேறு, சேறு!" என்று அலறினாள்.

ஆறு மாதத்துக்குள் நிலைமை மோசமாகிவிட்டது. பூசைக்கு நடந்து போகும்போதே பிளாட்பார விரிசலைப் பார்த்துப் பெயர் சொல்ல ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் சார்லஸ், ஆட்டோ எலக்ட்ரீஷியன், வாய் சும்மா இருக்காது. "ஊர்ல அவன் அவன் பொண்டாட்டி தலைய நிமித்தி நடக்கறா. நம்மளுது தரையவே பாத்துக்கினு வருது" என்று பங்குத் தந்தை எதிரிலேயே சொல்லி மானத்தை வாங்கினார்.

ஹவுஸி காய்

இந்த இடத்தில் க்வாட்ரட் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், நாலு பிளாஸ்டிக் குழாயைச் சதுரமாக மாட்டினால் அதுதான் க்வாட்ரட். அதை நிலத்தில் வைத்து உள்ளே இருக்கிற செடிகளை மட்டும் எண்ண வேண்டும். நிலம் முழுவதையும் எண்ண முடியாது அல்லவா? ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து சோறு வெந்ததா என்று சொல்கிற வேலைதான். ஆனால் எந்தப் பருக்கை என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. தானாக அமைய வேண்டும்.

பசங்கள் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் எறிவார்கள். மூடிய கண் எப்படித்தான் பார்க்குமோ, ஒரு தடவையாவது அது முள்ளில் விழ வேண்டுமே! எப்போதும் நடப்பதற்கு வசதியான, பூச்சி இல்லாத, நிழலான மூலை. ஒருமுறை பிரஜ்வல் எறிந்தது சைக்கிள் ஸ்டாண்டில் யாருடைய ஹேண்டில்பாரிலோ மாலையாக விழுந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வாரம் எங்கள் பங்குத் திருவிழாவில் ஹவுஸி விளையாடும் நம்பர் காய்களைப் பையோடு கடன் வாங்கிக்கொண்டு போனேன். முதலில் எடுக்கும் காய் நீளத்துக்கு எத்தனை அடி, இரண்டாவது காய் அகலத்துக்கு எத்தனை அடி. நிலத்துக்கு வெளியே போனால் அந்தக் காய் செல்லாது. வந்த இடம் முள்ளானாலும் சேறானாலும் அங்கேதான் சட்டம்.

எங்கள் விரிவுரையாளர் மஞ்சுளா மேடம் பையை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் வகுப்பில் ஈ பறக்காது. அவர் பேசுவது கன்னடம். இங்கே தமிழில் தருகிறேன். "ரெஜினாவ்ரே, இத்தனை வருஷம் இந்தப் பேப்பர் எடுக்கறேன். ரேண்டம்னா என்னன்னு ஒரு ஸ்டூடன்ட் எனக்கே செஞ்சு காட்டினது இப்பத்தான்" என்றார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அப்படி ஹவுஸி போட்டு ஹவுஸி போட்டு எண்ணிய நிலத்தைத்தான் வழித்தெடுத்துவிட்டார்கள்.

"எண்ணுறது ஈஸி மேடம்"

குச்சிகளைக் கையில் பிடித்தபடியே நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். மனிதர் நல்லவர், மரியாதைக்காரர். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சண்டைக்குப் போன இடத்தில் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"எவ்வளவு அழகா ஆகப்போகுது பாருங்க மேடம். கமிட்டி வர்றதுக்குள்ள வேர் பிடிச்சிடும். அந்தக் காட்டுல பாம்பு வேற இருந்துச்சாம்."

"அந்தக் காட்டுலதான் சார் என் ப்ராஜெக்ட் இருந்துச்சு."

அவர் நிஜமாகவே யோசித்தார். யோசித்து, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "புது லான்லயே செய்யுங்களேன். எண்ணுறது ஈஸி மேடம்."

"ஈஸிதான் சார். ஒரே ஜாதிப் புல்லு. ஒண்ணுன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

அவருக்கு அது கிண்டலென்று புரியக் கொஞ்சம் நேரமானது. அதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

மஞ்சுளா மேடத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாதியில் நின்ற கணக்கை டிபார்ட்மென்ட் ஏற்றுக்கொள்ளாது. செமஸ்டர் முடிவதற்குள் வேறு ஏதாவது உருப்படியாகக் கொண்டுவந்தால்தான் உண்டு என்று சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆமாம், அழுதேன், இதில் என்ன வெட்கம்? சிஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைக்க நினைக்க அடக்க முடியவில்லை. ஆயிஷா பக்கத்தில் உட்கார்ந்து தன் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். "டென்ஷன் நக்கோ ஆன்ட்டி, டென்ஷனே வேணாம். சமோசா சாப்டுங்க."

பிரஜ்வல் நான்கு படி கீழே நின்றுகொண்டு மெதுவாக ஆரம்பித்தான். "ஆன்ட்டி, மிச்ச வாரத்து நம்பர ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிடலாமா? யார் வந்து பாக்கப்போறாங்க? பாக்கறதுக்குத்தான் அங்க ஒண்ணும் இல்லையே."

"மாவே இல்லாம இட்லி வெந்துச்சுன்னு எழுதச் சொல்றியாடா?" என்று கத்தினேன்.

அவன் சமோசாவை மட்டும் ஒன்று எடுத்துக்கொண்டான்.

முளைத்த கோபம்

வழித்தெடுத்த மண்ணை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குவித்துவைத்திருந்தார்கள். லாரி கிடைக்கும்போது அள்ளிப்போவார்களாம். நான் தினமும் அந்தக் குவியலைப் போய்ப் பார்த்து முறைத்துவிட்டு வருவேன். எழவு விழுந்த வீட்டுக்குப் போகிற மாதிரிதான். நடுவில் நாலைந்து நாள் நல்ல மழை. பெங்களூரு மழை தெரியுமே, மத்தியானம் வெயில் பல்லைக் காட்டும், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டும்.

மழை விட்ட காலையில் போனேன். குவியலின் மேல் பச்சையாக ஏதோ பொடி தூவிய மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். பொடி அல்ல, முளை. குண்டூசித் தலையளவு இரட்டை இலைகள், ஆயிரக்கணக்கில்.

"அய்யோ மாதாவே!"

அந்த நிமிஷம் எனக்கு இரண்டு மார்க் கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது. 'மண்ணின் விதை வங்கி என்றால் என்ன?' இரண்டாம் வருஷத்தில் மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்துபோனது. ஒரு செடி போடுகிற விதை எல்லாம் அந்த வருஷமே முளைப்பதில்லை. பாதி மண்ணுக்குள்ளேயே கிடக்கும், வருஷக்கணக்கில்கூடக் கிடக்கும். மண் புரண்டு, வெளிச்சமும் ஈரமும் பட்டால் எழுந்துவரும். ஜே.சி.பி. செய்தது அதைத்தான். மேலே இருந்ததைக் கொன்றுவிட்டு, கீழே தூங்கியதை எழுப்பிவிட்டது.

ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, வாசலிலிருந்தே கத்தினேன். "மேடம்! அது சாகல மேடம்!"

மஞ்சுளா மேடம் வந்து பார்த்தார். சேலை நுனியைச் செருகிக்கொண்டு குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தே விட்டார். பிறகு சொன்னார்: "கேள்விய மாத்திடலாம் ரெஜினாவ்ரே. மேல என்ன இருந்துச்சுன்னு உங்ககிட்ட இருக்கு. கீழ என்ன இருந்துச்சுன்னு இப்பக் கேளுங்க. ஆனா ஒண்ணு. இந்த விதை காத்துல வந்து விழுந்துச்சுன்னு யாராவது சொன்னா என்ன பதில் சொல்வீங்க? அதுக்கும் சேத்து ஏற்பாடு பண்ணுங்க."

ஈடு ஈடாக மண்

ராமப்பாவைப் பிடித்து விசாரித்தேன். அந்தக் குவியலில் வேறு இடத்து மண் கலக்கவில்லை என்று தாயின்மேல் ஆணையிட்டார். லாரிக்காரன் கட்டடக் கழிவு கலந்தால் எடுக்க மாட்டானாம், அதனால் தனியாகவே கொட்டினார்களாம். என் நல்ல காலம்.

ஆஸ்டின் டவுன் மீன் கடையிலிருந்து தெர்மாகோல் பெட்டிகளை வாங்கிக் கழுவி, அடியில் ஓட்டை போட்டோம். ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் குவியல் மண்ணை மெல்லிசாகத் தூவினோம். கல்லூரி மொட்டைமாடியில் வரிசையாக வைத்தோம். எத்தனை கழுவியும் மீன் வாசனை போகவில்லை. கல்லூரியிலிருந்த பூனைகளெல்லாம் மாடியில் மாநாடு கூட்டிவிட்டன. கொசுவலை வாங்கி மூடினால் காற்றில் வருவது தெரியாமல் போகும் என்பதால், அகலக் கண்ணிக் கம்பிவலை போட்டு மூடினோம்.

இனி காற்றுக்குப் பதில். விதையே இல்லாத அதே மண்ணை இன்னொரு பெட்டியில் பக்கத்திலேயே வைத்தால் போதும். அதில் ஏதாவது முளைத்தால் அது காற்றும் பறவையும் கொண்டுவந்தது. ஆனால் விதையைச் சாகடிப்பது எப்படி? லேபில் இருந்த, ஆவியில் அவிக்கும் கருவி ரிப்பேர்.

எனக்கென்ன, வீட்டில் இட்லிப் பானை இருக்கிறதே!

துணி போட்டு, தட்டில் மண்ணை வைத்து, மூடி, ஈடு ஈடாக அவித்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த சார்லஸ் ஆவியைப் பார்த்துக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"இட்லியா?"

"மண்ணு."

"கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுடி."

மூடியைத் திறந்து காட்டினேன். மனிதர் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பானையைப் பார்த்தார். "இருபது வருஷமா உன் சமையலச் சாப்புட்டவனுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போனார். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கிவந்தார்.

அடுத்த வாரங்களில் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு துள்ளுகிறது. பெட்டிகள் பொங்கின. எதிர்பார்த்த மாதிரியே பார்த்தீனியம்தான் கும்பலாக வந்தது. குப்பைமேனி, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி எல்லாம் ஆஜர். குட்டி இலையை வைத்துப் பெயர் சொல்ல முடியாது, பூக்கும்வரை வளர்க்க வேண்டும். அதுவரைக்கும் பசங்களே பெயர் வைத்தார்கள். 'மீசை', 'குண்டம்மா', 'பிரின்சிபால்'. பிரின்சிபால் என்று வைத்தது கடைசியில் பருப்புக்கீரையாக வளர்ந்தது.

பெரிய அதிசயம் வேறு. மேலே ஒருநாளும் நாங்கள் பார்த்திராத செடிகள் சில கீழேயிருந்து வந்தன. மணத்தக்காளி வந்தது. அந்த நிலத்தில் ஒரு மணத்தக்காளியை நாங்கள் பார்த்ததே கிடையாது. அது எப்போது அங்கே இருந்ததோ, எத்தனை நாள் காத்திருந்ததோ. இன்னொரு பக்கம், மேலே பாய் விரித்த மாதிரி இருந்த அருகம்புல் பெட்டியில் பெயருக்குத்தான் வந்தது. அது விதையை நம்பிப் பிழைக்கிற ஜாதி இல்லை, தண்டு ஓடிப் பரவுகிற ஜாதி. அவித்த மண் பெட்டியில்? ஒன்றுமே இல்லை. நான் தினமும் காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பேன், ஜெபம் சொல்லிக்கொண்டே.

மாடிக்கு வந்த கமிட்டி

கமிட்டி வந்த நாள். வாசலில் ரங்கோலி, பையன்கள் கழுத்தில் டை, பின்பக்கம் பச்சைப் பசேலென்று லான். மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் ஓர் அம்மா, வெளி மாநிலத்துப் பேராசிரியை. வெட்டிய வெள்ளை முடி, பருத்திச் சேலை, காலில் ஷூ. பிரின்சிபால் லானைக் காட்டி 'பசுமை வளாகம்' என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வரிசையாக நின்றோம்.

அந்த அம்மா லானைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த கல்லூரி அறிக்கையைப் புரட்டி ஆங்கிலத்தில் கேட்டார். "மாணவர்கள் சூழலியல் படிக்க, இயற்கைத் தாவரங்கள் உள்ள ஒரு நிலத்தை நீங்கள் அப்படியே விட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே. அது எங்கே?"

பிரின்சிபால் தன் காலடியைப் பார்த்தார். அந்த நிலத்தின்மேல்தான் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். மஞ்சுளா மேடம் என்னைப் பார்த்தார். கண்ணாலேயே 'போ' என்றார்.

"மொட்டைமாடியில் இருக்கிறது மேடம்" என்றேன்.

"நிலம்... மாடியிலா?"

"வந்து பாருங்கள்."

எல்லாரும் ஏறினார்கள். பூனைகள் சிதறி ஓடின. அந்த அம்மா மீன் பெட்டிகளுக்கு நடுவில் குனிந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார். நான் மேல் கணக்கைச் சொன்னேன், கீழ்க் கணக்கைச் சொன்னேன், ஹவுஸி காயைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம்தான், ஆனால் அன்று தடுக்கவே இல்லை.

"எல்லாம் சரி," என்றார் அவர். "திறந்த மாடி. இந்த விதைகள் காற்றில் வரவில்லை என்று எப்படிச் சொல்வாய்?"

இந்த ஒரு கேள்விக்காக நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். ஓரத்துப் பெட்டியைக் காட்டினேன். வெறும் செம்மண்.

"அதே மண் மேடம். அதே மாடி, அதே மழை, அதே காற்று. ஆனால் அவித்தது."

"எதில் அவித்தாய்?"

"இட்லிப் பானையில்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, சாதாரணமாகக் கேட்டார். "அது சரி, அந்த நிலத்துக்கு என்ன ஆயிற்று?"

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். பாவம், தண்ணீர் கொடுத்த மனிதர். ஆனால் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உங்களுக்காகத்தான் மேடம் சுத்தம் செய்தார்கள்."

பிரஜ்வல் எனக்குப் பின்னால் "செத்தோம்" என்று முணுமுணுத்தது நன்றாகக் கேட்டது.

"அப்படியானால் தப்பு எங்களுடையதுதான்," என்றார் அந்த அம்மா. பிரின்சிபாலிடம் திரும்பினார். "இந்த மாணவிகளும் மாணவனும் செய்திருப்பதை நான் என் குறிப்பில் எழுதப்போகிறேன். உங்கள் லானில் பாதியையாவது இவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பீர்களா?"

"அதுதான் மேடம் எங்கள் திட்டமும்" என்றார் பிரின்சிபால், கண் சிமிட்டாமல். அந்தச் சமயோசிதத்துக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ரிசல்ட்

ப்ராஜெக்ட்டை டிபார்ட்மென்ட் ஏற்றுக்கொண்டது. வகுப்பிலேயே அதிக மார்க் எங்கள் மூன்று பேருக்கும். பரீட்சை எழுதினேன். அடுத்த செமஸ்டரும் எழுதினேன். ரிசல்ட் வந்த மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆயிஷா போன் செய்து கத்திய கத்தலில் எனக்கு முன்னால் பெஞ்சில் இருந்த குழந்தைகளுக்கே என் ரிசல்ட் தெரிந்துவிட்டது.

சிஸ்டர் அறைக்குப் போனேன். அவர் இந்தத் தடவையும் "உட்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

"பாஸ் சிஸ்டர். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

சிஸ்டர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "அடுத்த வருஷம் உனக்கு எந்தக் கிளாஸ் வேணும், நீயே சொல்லு" என்றார்.

"எட்டாவது சயின்ஸ் குடுங்க. அப்புறம் அந்த அசிஸ்டென்ட்டுங்கற வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க."

"எடுத்தாச்சும்மா. எப்பவோ எடுத்திருக்கணும்."

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் சார்லஸைக் காணோம். பிறகுதான் தெரிந்தது, கடைக்குக் கடை நின்று, கேட்டவன் கேட்காதவன் எல்லாரிடமும் "நம்ம வீட்டம்மா பி.எஸ்சி. பாஸ்" என்று சொல்லிக்கொண்டே தெருவைச் சுற்றியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் நின்றார். கிண்டல் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நானே கேட்டேன்.

"என்னா, பேச்சே காணோம்?"

"இரு டீச்சர்," என்றார். "கொஞ்சம் உன்னப் பாத்துக்கறேன்."

இந்த மாதிரி இடத்தில் எழுத்தாளர்கள் அடக்கமாக ஏதாவது சொல்வார்கள். கடவுள் அருள், நண்பர்கள் உதவி என்று. எல்லாம் உண்மைதான், எல்லாருக்கும் நன்றி. ஆனால் எனக்கு அடக்கமாகச் சொல்ல வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.